அடிமைக் கப்பலும் உள்நாட்டுப் போரும்: பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் வரலாற்றுப் பணி

கொற்கை முத்தின் புகழைச் சங்கப் புலவர் பலர் பாடினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறையைக் கண்ட மார்க்கோ போலோ அதன் வாணிகச் செழிப்பை எழுதிவைத்தார். ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தேறும் நம் மாணவர், தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, முக்காணி, பழையகாயல் என்று அப்பழந்துறைகளின் ஓரமாகவே நாள்தோறும் சென்று வருகின்றனர். இக்கரையிலிருந்து முத்தும் சங்கும் துணியும் கடல் கடந்தன என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் இதே கரையிலிருந்து மனிதரும் விலைப்பொருளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அச்செய்தியைப் பழைய ஆவணங்களிலிருந்து அகழ்ந்தெடுத்து உலக வரலாற்றறிஞர் முன் வைத்தவருள் குறிப்பிடத்தக்கவர் ஓர் ஈழத்தமிழர். அவரே பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஆவார்.

அடிமை முறையையும் உள்நாட்டுப் போரையும் சேர்த்து ஆராய்வது அமெரிக்க வரலாற்றறிஞரிடையே நெடுநாளைய மரபு. டுபாய்ஸ், ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் முதலிய கறுப்பின அறிஞர் அவ்விரண்டையும் ஒரே வரலாறாக எழுதினர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் நமக்கும் முற்றிலும் அயலானதன்று. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறை அதனால் வளர்ந்தது. அது நிற்க. அங்கே போர் அடிமைத்தளையை அறுத்தது. நம் நாட்டிலோ, பதினேழாம் நூற்றாண்டில், போர்தான் அடிமைகளை உண்டாக்கியது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு அரசரத்தினத்தின் நூல்கள் நமக்கு வாயிலாக அமைகின்றன.

நவாலி முதல் ஆர்மிடேல் வரை

அரசரத்தினம் 1930ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த நவாலியில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். அவருடைய முதல் நூல், 1658 முதல் 1687 வரை இலங்கையில் டச்சுக்காரர் கொண்டிருந்த ஆதிக்கத்தைப் பற்றியது. அது 1958இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958இல் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்ட காலம் அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆதிக்கத்தை ஆராய்ந்த இளம் அறிஞரின் நூல் வெளிவந்த ஆண்டும், அவர் தாய்நாட்டில் வீடுகள் எரிந்த ஆண்டும் ஒன்றாகவே அமைந்தன.

1960களின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். தனிநாயகம் அடிகளார் இந்தியவியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த பல்கலைக்கழகம் அது. அடிகளார் நம் தூத்துக்குடிக்கு உரியவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு. தமிழ் இலக்கியக் கழகத்தை அவர் நிறுவியது தூத்துக்குடியிலேதான். மலாயாவிலிருந்து அரசரத்தினம் எழுதிய பெருநூல், மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வாழும் இந்தியரைப் பற்றியது. 1969 மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் நிகழ்ந்ததற்கு மறு ஆண்டு, 1970இல், அந்நூல் வெளிவந்தது. அடிமை வணிகம் ஒழிந்த பின் அதன் இடத்தை நிரப்பிய ஒப்பந்தக்கூலி முறையும் அதன் பின் வந்த கங்காணி முறையும் அதில் இடம்பெற்றன. மலாயாவுக்கு ஒப்பந்தக்கூலிகளை அனுப்புவது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். எஞ்சிய பணிக்காலம் அங்கேயே கழிந்தது. 1998ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் காலமானார்.

பகைவரின் ஏட்டில் நம் வரலாறு

டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. என்பன. தூத்துக்குடிக்காரருக்கு அவ்வெழுத்துகளைக் கேட்டவுடன் நினைவுக்கு வருபவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ. சிதம்பரனாரே. ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பலோட்டிய பெருமகனுக்கும், அதே துறையில் ஏகபோகம் நடத்திய அயல்நாட்டுக் கம்பெனிக்கும் ஒரே முதலெழுத்துகள் வாய்த்தது காலத்தின் விளையாட்டுப் போலும்! 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய அக்கம்பெனி, அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் வென்றது. முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் அதன் பிடிக்குள் வந்தன. 1750இல் டச்சுக்காரர் கட்டிய தேவாலயம் தூத்துக்குடியில் இன்றும் நிற்கிறது.

இக்கம்பெனியின் அலுவலர் எதையும் எழுதிவைக்காமல் விட்டவரல்லர். எந்தத் துறையில் எந்த நாள் எந்தக் கப்பல் வந்தது, அரிசி என்ன விலை விற்றது, எந்த வணிகர் சொன்ன சொல்லை மீறினார், எந்த நாயக்கர் என்ன கேட்டார் என்பனவற்றையெல்லாம் மேலிடத்துக்கு எழுதினர். அக்கடிதங்கள் நெதர்லாந்தின் தி ஹேக் நகர ஆவணக்காப்பகத்தில் குவிந்து கிடக்கின்றன. நம் கரையின் வணிகர் எழுதிய கணக்கேடுகளோ கரையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையாயின. ஆகவே நம் முன்னோரின் கடல் வாழ்வை அறிய, அவர்களோடு போட்டியிட்டவர் எழுதியதையே நாம் நாட வேண்டியிருக்கிறது. அரசரத்தினம் டச்சு மொழியைக் கற்றார். கம்பெனியார் தம் நோக்கில் எழுதியவற்றைத் தமிழ்க்கரையின் நோக்கில் திருப்பிப் படித்தார். 1650 முதல் 1740 வரையிலான சோழமண்டலக் கரையின் வணிகரையும் கம்பெனிகளையும் பற்றி அவர் 1986இல் வெளியிட்ட நூல் இம்முயற்சியின் முதிர்ந்த கனி. ஐரோப்பியர் ஆட்டுவித்தபடி ஆடிய பொம்மைகளல்லர் நம் வணிகர் என்பது அந்நூலின் ஒவ்வோர் இயலிலும் புலப்படும்.

இம்முறையில் அவர் எழுதிய தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று நமக்குச் சிறப்பாக உரியது. தனிநாயகம் அடிகளார் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழில், 1964ஆம் ஆண்டு, பெரியதம்பி மரைக்காயர் என்னும் பதினேழாம் நூற்றாண்டுப் பெருவணிகரைப் பற்றிய குறிப்புரை ஒன்றை அவர் வெளியிட்டார். சேதுபதியின் ஆதரவோடு வாணிகம் செய்த இம்மரைக்காயரைத் தம் ஏகபோகத்துக்கு இடையூறாகவே டச்சுக்காரர் கண்டனர். செத்தும் கொடுத்த சீதக்காதி என்று உலகம் போற்றும் வள்ளல் இவர்தாமா, இவர் குடும்பத்தாருள் ஒருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சீறாப்புராணம் பிறக்கத் துணைநின்ற குடும்பத்தின் வாணிகப் பெருமையை, அக்குடும்பத்தின் எதிரிகளுடைய ஏட்டிலிருந்தே ஒருவர் எடுத்துக்காட்டினார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பஞ்சமும் படையும் கப்பலும்

அதே அறிஞர் 1995இல், பதினேழாம் நூற்றாண்டில் இந்துமாக்கடலில் நடந்த அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அட்லாண்டிக் கடலின் அடிமை வணிகத்தைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள் இருந்த அக்காலத்தில், இந்துமாக்கடலின் அடிமை வணிகத்தைப் பற்றிப் பேசியோர் மிகக் குறைவு. அரசரத்தினம் இட்ட அடித்தளத்தைப் பயன்கொண்டு, மார்க்கஸ் வின்க் என்னும் அறிஞர் 2003இல் இன்னும் விரிவான கணக்கைத் திரட்டினார். இவ்விருவர் எழுத்தையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. தமிழகக் கரையில் அடிமை வணிகம் ஆண்டுதோறும் ஒரே சீராக நடக்கவில்லை. கார் பொய்த்த ஆண்டிலும் படை நடந்த ஆண்டிலும் அது பொங்கியது. நெல் விளைந்து நாடு அமைதியுற்றபோது வற்றியது.

1645–46ஆம் ஆண்டுகளை நோக்குவோம். விசயநகரப் பேரரசருக்கு எதிராக அவருக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர்களே கிளர்ந்த காலம் அது. ஒரே பேரரசுக்குள் தலைவனும் தளபதிகளும் மோதிக்கொண்ட அதனை உள்நாட்டுப் போர் என்றல்லாமல் வேறென்னவென்று சொல்வது? அக்காலத்தில் 2,118 பேர் அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்பகுதியைச் சேர்ந்தவர். அடுத்த பெருக்கு 1659 முதல் 1661 வரை. பீஜப்பூர்ப் படை தஞ்சைக்குள் புகுந்தது. வயல்கள் பாழாயின, பஞ்சம் தொடர்ந்தது. 8,000 முதல் 10,000 பேர் வரை நாகப்பட்டினம் முதலிய துறைகளில் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. காவிரிக் கழனியில் நெல் விளைவித்த கைகளை இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் நெல் விளைவிக்கப் பயன்படுத்தவேண்டும் என்பது கம்பெனியின் திட்டம்.

நம் கரைக்கு அந்த அலை 1670களில் வந்தது. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையை வென்றார். இரண்டொரு ஆண்டுகளில் அது மராட்டியர் கைக்குப் போயிற்று. மதுரை நாடு வறட்சியிலும் போரிலும் வாடியது. 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் கம்பெனி கப்பலேற்றியவர் தொகை 1,839. மதுரைக் கரை என்று டச்சுக்காரர் எழுதுவது வேறெங்கோ இல்லை. தூத்துக்குடியும் காயல்பட்டினமும் அடங்கிய இக்கரைதான்.

கம்பெனி வேல்முனையில் மக்களைப் பிடித்துச் சென்றதாக நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டா. பெரும்பாலும் அது விலைக்கு வாங்கியது. பசித்த தந்தை மகனை விற்றார். சில வேளைகளில் தம்மையே விற்றார். இடைத்தரகர் கூட்டிவந்தனர். ஓலை எழுதப்பட்டது. தமிழ் பயில்வோர்க்கு இவ்வோலை புதிதன்று. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றில் முதியவர் வடிவில் வந்த இறைவன் நீட்டுவது ஓர் அடிமை ஓலையே. அத்தகைய ஆவணம் நாட்டில் வழங்கியிருந்தாலன்றிக் கதையில் அதற்கு இடமேது? அடிமை என்னும் சொல்லை அடியார் என்னும் பொருளிலேயே படித்துப் பழகிய நம் மாணவருக்கு, அது விலை குறித்த சொல்லாகவும் இருந்தது என்று சொன்னால் வகுப்பில் சிறிது நேரம் பேச்சே எழுவதில்லை. தமிழகத்தில் அடிமை முறை வேரூன்றி இருந்ததைக் கல்வெட்டு, ஓலை முதலிய சான்றுகளோடு தமிழிலேயே நூலாக எழுதியவர், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய ஆ. சிவசுப்பிரமணியன். அரசரத்தினம் கடலில் கண்டதை அவர் நிலத்தில் கண்டார் எனலாம். இருவரையும் ஒருசேரப் படிப்பது நல்லது.

கப்பலேறியவர் என்ன ஆயினர்? கொழும்புக் கோட்டையில் 1694இல் எடுத்த கணக்கின்படி, அங்கிருந்தோருள் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளே. கம்பெனியின் அடிமைகளை வைத்திருந்த பகுதியை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்றே அழைத்தனர். நம்மவர் அதனைக் கொம்பனித்தெரு என்கின்றனர். என் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து கொழும்புக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்றவர். கொம்பனித்தெரு என்று அவர் நூறு முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பெயருக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரிந்தபோது அவர் உயிரோடில்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குக் கொண்டு செல்லப்பட்டோரும் உண்டு. அங்குள்ள ஏடுகளில் அவர்கள் ‘வான் கோரமண்டல்’ எனப்படுகின்றனர். சோழமண்டலத்தார் என்பது அதன் பொருள். தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் போய்க் கரையின் பெயர் ஒன்றே எஞ்சியது.

தம்மவரையும் நிறுத்த தராசு

அரசரத்தினத்தின் எழுத்தில் நான் பெரிதும் மதிக்கும் பண்பு ஒன்றுண்டு. பழியை எல்லாம் ஐரோப்பியர் தலையில் ஏற்றிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. டச்சுக்காரர் வருவதற்கு முன்பே இக்கடலில் அடிமை வணிகம் இருந்தது. அவர்கள் அதனைப் பெருக்கினர். ஆசிய வணிகரும், தமிழகக் கரையின் முஸ்லிம் வணிகருள் சிலரும், சுமத்திராவின் அச்சே முதலிய துறைகளுக்கு அடிமைகளைக் கொண்டு சென்றனர். அடிமையை விடுவிப்பதைப் பெரும் நன்மையாகக் கற்பிக்கும் மார்க்கத்தைச் சார்ந்தோர் சிலரும் இதில் பங்கு கொண்டனர் என்பதைப் படிக்கும்போது நமக்கு மனம் கூசுகிறது. தாம் பிறந்த மண்ணையும் அவர் அப்படியே நிறுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆதிக்கம் செலுத்திய வேளாளர் சமூகத்தைப் பற்றி 1981இல் அவர் எழுதிய கட்டுரை, யாழ்ப்பாணத்துக்குப் புகழ்மாலை சூட்டுவதன்று. டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் அடிமைகளைப் பற்றி விதிகள் வகுத்திருந்தது. அங்கே அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844இல்; இந்தியாவில் அதற்கு முந்திய ஆண்டு.

இவ்வாறு எழுதிய காலத்தில் அவர் தாயகம் எந்நிலையில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. மறு ஆண்டு அரசரத்தினம் தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் போர்க்குரலன்று. வட இலங்கைத் தமிழரின் பொருளாதாரத்துக்கு வரலாற்றில் இருந்த அடிப்படைகள். யானை ஏற்றுமதி, பனைமரம், சாயவேர், திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலை என்று அந்நிலத்தின் பழைய வாழ்வாதாரங்கள் எத்தனை! 1983 சூலையில் கொழும்பு எரிந்தது, போர் தொடங்கியது. விடுதலைக்குப் பிந்திய இலங்கையின் தேசியம், வகுப்புவாதம், நாட்டுருவாக்கம் ஆகியவற்றை ஆராயும் அவருடைய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. தன் வீட்டில் தீப்பற்றியிருக்கும்போது அத்தீ எப்படி மூண்டது என்று ஆண்டு வாரியாக எழுதுவதற்கு எத்துணை நெஞ்சுறுதி வேண்டும்!

அப்போர் யாரையும் விடவில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், பல்லாயிரவர், தமிழே பேசிய மக்கள், விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். 1995 சூலை 9ஆம் நாள், அரசரத்தினம் பிறந்த நவாலியில், தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மேல் இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடிமை வணிகக் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அதனைக் காண அவர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு விழாவில் பெரியதம்பி மரைக்காயரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தனர். பேசினேன். கூட்டம் மகிழ்ந்தது. தொடர்ந்து 1670களின் அடிமைக் கப்பல்களைப் பற்றியும், அவ்வணிகத்தில் நம்மவர் சிலருக்கு இருந்த பங்கைப் பற்றியும் கூறினேன். கூட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “தம்பி, மூத்தவங்க கப்பல் ஓட்டினதைச் சொன்னீங்க, சந்தோஷம். கப்பலுக்குள்ள என்ன ஏத்தினாங்கங்கிறதை ஏன் கிளறணும்?” என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, வருந்திக் கேட்டார். எனக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. அரசரத்தினத்தின் 1964ஆம் ஆண்டுக் குறிப்புரையையும் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையையும் படியெடுத்து, இரண்டையும் ஒரே உறையிலிட்டு, அவர் பேரனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பெரியவரைக் கண்டேன். மரைக்காயரைப் பற்றியதைப் பேரன் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டியதாகச் சொல்லி மகிழ்ந்தார். “மற்றது?” என்றேன். “அது இன்னும் என் மேசையிலதான் இருக்கு” என்றார்.